நான் அழித்த நாற்பது விநாடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. புனேவில், கோர்படியில் ஒரு சின்ன ஹால். நூறு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் வெள்ளைத் திரை, ஜன்னல்களில் கறுப்புத் துணி. வாசலில் செருப்புகளைவிடப் பளபளக்கும் ஷூக்கள்தான் அதிகம். வந்தவர்களில் பாதிப் பேர் ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆனவர்கள்.

நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த நேரம் பார்த்து கரண்ட் போய்த் தொலையாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

நண்பனின் முதல் படம். டைட்டிலில் என் பெயர்கூட வருகிறது — 'ஒலிப்பதிவு' என்று! சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள் ஏன் இப்படி வேண்டிக்கொள்கிறாள்?

கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், ஒருவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். நீல டர்பன், இஸ்திரி கலையாத சட்டை. ரிட்டயர்ட் சுபேதார். படத்தில் நடித்தவர். இயக்குநரின் அப்பா. படத்தின் உயிரான காட்சியில் அவர் பேசிய பேச்சு படத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அதை அழித்தது நான் என்பதும் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போகலாமா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஸ்டெல்லா ஆன்ட்டியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: நான் பேயிங் கெஸ்ட்டாக இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். பாளையங்கோட்டைக் குடும்பம், இரண்டு தலைமுறையாகக் கோர்படி. கணக்கு டீச்சர். திட்டும்போது திருநெல்வேலித் தமிழ், காய்கறி வாங்கும்போது மராத்தி, ஜெபம் மட்டும் இங்கிலீஷ்.

நான் புனேவுக்கு வந்த முதல் வாரம். ஹடப்சர் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வீடு திரும்பினால், டைனிங் டேபிளில் டர்பன் கட்டிய ஒரு பையன் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏளா, தள்ளி நில்லு. ஃபேன் காத்து வரட்டும்."

எங்கள் கோயமுத்தூரில் என்னை யாரும் இப்படித் திருநெல்வேலித் தமிழில் 'ஏளா' என்று கூப்பிட்டதில்லை. அதுவும் ஒரு சர்தார்ஜி! அப்படியே நின்றுவிட்டேன்.

"பயப்படாத," என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி. "பக்கத்து வீட்டு ஜஸ்ஸி. நாலு வயசுலேருந்து இங்கதான் கெடக்கான். தாய் இல்லாத புள்ள. அவன் அப்பா பார்டர்ல நின்னாரு, இவன் என் கிச்சன்ல நின்னான். டீக் ஹை? உக்காரு, உனக்கும் வைக்கேன்."

ஜஸ்ப்ரீத் சிங். இருபத்தாறு வயது. இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மும்பைக்கு ரயிலேறியவன். அங்கே டி.வி. சீரியல்களுக்கு எடிட்டிங் உதவியாளன் — மாமியார் முறைக்கும் முகத்தை மூன்று முறை ஒட்டுகிற வேலை. இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய வீடியோ கேமராவோடு திரும்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடியோ எடுப்பான். மற்ற ஆறு நாளும் கனவு காண்பான்.

என்ன கனவு? பஞ்சாபியில் படம் எடுப்பது.

புனேவில் உட்கார்ந்துகொண்டு!

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. லூதியானாவில் ஒரு தயாரிப்பாளரும் இப்படித்தான் சிரித்தாராம். இவன் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கடுகு வயல் எங்கே?" இரண்டாவது: "கனடா எங்கே?" மூன்றாவதாக, ரொம்பக் கவலையோடு: "டிராக்டர்கூட இல்லையா?" பஞ்சாபிப் படமென்றால் இந்த மூன்றும் கட்டாயமாம். இவன் கதையில் இருந்தது இரண்டு அறை, ஒரு டெலிபோன், ஒரு அப்பா. அவர் பெரிய டம்ளரில் லஸ்ஸி வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் அவன் சொன்னது எங்கள் மொட்டை மாடியில். மழை வரலாமா வேண்டாமா என்று மேகம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மாலை. கீழே ரயில்வே காலனியில் ஈரத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. வடக்கே போகும் ரயில் ஒன்று, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பெட்டியாக எங்களுக்குக் காட்டிக்கொண்டு போனது.

"நீ பஞ்சாப்ல எத்தன நாள் இருந்திருக்க?" என்று கேட்டேன்.

"நாலு லீவு."

"நாலு லீவ வெச்சுட்டுப் படமா?"

"எனக்குத் தெரிஞ்ச பஞ்சாப் வேற," என்றான். "எங்க வீட்டுக் கதவச் சாத்துனா பஞ்சாப். தொறந்தா புனே. அம்புட்டுதான் அதுக்கு பார்டரு. அத ஒருத்தனும் எடுக்கலல்லா?"

என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் போடும்போது, பத்துக்குப் பத்து அறைக்குள் ஒரு முழுக் கோயமுத்தூர் வந்து உட்கார்ந்துகொள்வது ஞாபகம் வந்தது. வெளியே வந்தால், ஆட்டோக்காரரிடம் "பையா, ஹடப்சர் ஜாயேகா?" கதவு ஒன்றுதான் — இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். இவன் எடுக்கப்போவது என் படமும்தானோ?

"சவுண்டுக்கு ஆள் இல்ல," என்றான் ஜஸ்ஸி. "உனக்கு ஆபீஸ்ல என்ன வேல?"

"சாஃப்ட்வேர் டெஸ்டிங்."

"அதாவது அடுத்தவன் செஞ்ச தப்பக் கண்டுபுடிக்கது. சரி, ஹெட்ஃபோன மாட்டு."

"எனக்குப் பஞ்சாபி தெரியாதே?"

"ரொம்ப நல்லது. அர்த்தம் தெரிஞ்சா நீ கத கேப்ப. தெரியலன்னாதான் சத்தம் கேப்ப."

இப்படித்தான் ஒரு பஞ்சாபிப் படத்துக்கு ஒலிப்பதிவாளர் ஆனேன். மொத்த யூனிட்டும் இரண்டு பேர். அவன் கேமரா, நான் மைக்.

கதை இதுதான். ஒரு ரிட்டயர்ட் ராணுவக்காரர். மகன் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு மும்பைக்கு ஓடிவிட்டான். தினமும் டெலிபோனைத் துடைப்பார், ஆனால் எடுக்க மாட்டார். ஒரு நாள் எடுக்கிறார். பேசுகிறார். படம் முடிகிறது.

யார் கதை என்று உங்களுக்கே புரிந்திருக்கும். எல்லாருக்கும் புரிந்தது. சுபேதார் அங்கிளுக்கும்தான்.

நடிகர் தேடினான். புனேவில் பஞ்சாபி பேசுகிற அறுபது வயதுக்காரர்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். மூன்று பேரும் கேமராவைப் பார்த்ததும் தேர்தல் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசினார்கள். கடைசியில் ஸ்டெல்லா ஆன்ட்டிதான் ஒரு பாத்திரம் நிறைய மீன் குழம்போடு பக்கத்து வீட்டுக்குப் போய், அரை மணி நேரம் கழித்துக் காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்தார்.

"நடிக்காராம். ஆனா ஒரே ஒரு தடவதான் பேசுவாராம். மிலிட்டரில ஆர்டர் ரெண்டாந்தடவ சொல்ல மாட்டாங்களாம். சண்ட, கிச்கிச் பண்ணாம ஒழுங்கா எடுங்கலே ரெண்டு பேரும்."

மற்ற காட்சிகளை எல்லாம் பத்து நாளில் எடுத்துவிட்டோம். டெலிபோனைத் துடைப்பது, டீ போடுவது, டர்பன் கட்டுவது... எதிலும் வசனம் இல்லை. மிச்சம் அந்த ஒரு காட்சி.

அன்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் ஆறிய பால் மாதிரி அறை முழுக்கப் பரவியிருந்தது. ஜஸ்ஸி எழுதிய இரண்டு பக்க வசனத்தை அங்கிள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்பெல்லிங் மிஸ்டேக் நிறைய," என்றார் ஹிந்தியில். "நான் என் பாஷையில பேசறேன். ரெடியா?"

ரிசீவரை எடுத்தார். பேசினார்.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் ஹெட்ஃபோனுக்குள் அந்தக் குரல்... முதலில் கரகரவென்று, லாரி ஸ்டார்ட் ஆவதுபோல. அப்புறம் எங்கேயோ ஒரு மேட்டில் ஏறி, நின்று, மறுபடி இறங்கி. ஒரு இடத்தில் மூச்சு மட்டும் கேட்டது. கேமராவுக்குப் பின்னால் ஜஸ்ஸியின் முதுகைப் பார்த்தேன். அவன் மூச்சே விடவில்லை.

இரண்டு நிமிஷம் இருக்கும். முடிந்தது. ஜஸ்ஸி 'கட்' என்று வாயசைத்தான், சத்தம் வரவில்லை. விறுவிறுவென்று பால்கனிக்குப் போய்விட்டான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அர்த்தம் தெரியாதது அவ்வளவு பெரிய தாகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்ன சொல்லியிருப்பார்? இன்னொரு தடவை கேட்டால் ஏதாவது பிடிபடுமா? ஸ்டாண்டில் நின்ற எங்கள் கேமராவில் படமும் சத்தமும் ஒரே டேப்பில்தான் பதிவாகும் — தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டேப். பின்னால் சுற்றினேன். கேட்டேன். பாதி வரை வந்தேன்...

ஜஸ்ஸி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். "ரூம் டோன் எடுத்தியா?"

இது சினிமாவில் ஒரு அழகான சடங்கு. காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல், பேசாமல், அறையின் வெறும் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி மௌனம் இருக்கிறது. ஃபேனின் முனகல், பக்கத்துத் தெரு ஸ்கூட்டர், குழாயில் ஒரு சொட்டு. எடிட்டிங்கில் சத்தம் விட்டுப்போன இடங்களில் இதைத்தான் ஒட்டுவார்கள். எனக்கு ஒலிப்பதிவிலேயே ரொம்பப் பிடித்த வேலை அது. உலகத்தையே நிறுத்திவைத்துக் கேட்கிற மாதிரி இருக்கும்.

"யாரும் அசையாதீங்க!" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று ரெக்கார்டை அழுத்தினேன். நாற்பது விநாடி எண்ணினேன். நிறுத்தினேன்.

டேப்பை முன்னால் ஓட்டி, காட்சி முடிந்த இடத்துக்குக் கொண்டுபோகவே இல்லை.

கவனித்தீர்களா? பாதியில் நின்ற டேப்பில், அவர் பேச்சின் மேலேயே மௌனத்தைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்!

தெரிந்தது அடுத்த சனிக்கிழமை, டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது. ஜஸ்ஸி இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி காத்திருந்தான். திரையில் அங்கிள் ரிசீவரை எடுத்தார். பேசினார். ஜஸ்ஸி எனக்காக மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"'வீட்ல எல்லாம் சரியா இருக்கு...' 'மழ நல்லாப் பெய்யிது...' 'நீ அன்னைக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போனப்ப, நான் கதவுக்குப் பின்னால நின்னு...'"

பேச்சு நின்றுவிட்டது.

திரையில் அங்கிள் அதே நாற்காலியில், ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். (வைத்த ரிசீவரை, நான் 'அசையாதீங்க' என்றதும் மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறார். எழுந்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே! ராணுவம்.) கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஃபேனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கண்ணை இரண்டு முறை கொட்டினார். குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. நாற்பது விநாடி. பிறகு திடீரென்று கண்ணாடி முகத்துக்கு வந்தது, மிச்சமிருந்த கடைசி வாக்கியம் கேட்டது.

"ரொட்டி காதி?"

ரொட்டி சாப்பிட்டியா? அவ்வளவுதான். ரிசீவரின் 'டொக்'கோடு அந்தக் காட்சி முடிந்தது. மும்பையிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவர் ஜஸ்ஸியோடு பேசிவந்ததும் அந்த ஒரு வாக்கியம்தான் என்று அவன் அப்போதுதான் சொன்னான். அவர் மனம் விட்டுப் பேசியது அந்த ஒரு மத்தியானம். அதில் நாற்பது விநாடி போச்சு.

நான் அழுதேன். அவன் அழவில்லை. டீயை வைத்துவிட்டு அப்பாவிடம் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"'ஒரு ஷாட் மட்டும் மறுபடி எடுக்கலாமா பாப்பாஜி'ன்னு கேட்டேன். 'அன்னைக்குப் பேசுனது உனக்குக் கேட்டுச்சா?'ன்னாரு. கேட்டுச்சுன்னேன். 'அப்பறம் எதுக்கு?'ன்னுட்டு பேப்பரப் படிக்காரு."

"அழிஞ்சுபோச்சுன்னு சொன்னியா?"

"சொல்ல முடியலளா."

அதன் பிறகு மூன்று மாதம் அவன் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டான். "இத இப்படியே விடப்போறேன். பேச ஆரம்பிக்காரு, முடியல, 'ரொட்டி காதி' சொல்லி வச்சுருதாரு. அவரு அதான். எல்லா அப்பாவும் அதான்."

"கண்ணாடி? பேசும்போது போட்டிருக்கார், பேசாதப்போ கழட்டியிருக்கார்..."

"ஒருத்தனும் கண்ணாடியப் பாக்க மாட்டான். கண்ணத்தான் பாப்பான்."

படத்துக்கு அது சரி. அப்பாவுக்கு? வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மனதைத் திறந்தவர், அதை மகன் வெட்டி எறிந்துவிட்டான் என்று நினைத்தால்? அதுவும் ஊரைக் கூட்டிவைத்து! ஊரைக் கூட்டியது வேறு யார்? ஸ்டெல்லா ஆன்ட்டி. சர்ச்சில், பால் பூத்தில், லோஹேகாவ் வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அங்கிளின் பழைய ரெஜிமென்ட் நண்பர்கள் எட்டுப் பேர் மீசையை முறுக்கிக்கொண்டு முன் வரிசையில்.

சரி, ஹாலுக்குத் திரும்புவோம். கரண்ட் போகவில்லை. தேவையான நேரத்தில் அது என்றைக்குப் போயிருக்கிறது?

"பாட்டு எப்பளா வரும்?" என்று ஸ்டெல்லா ஆன்ட்டி இரண்டு முறை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. திரையில் மழை பெய்தது. டெலிபோன் துடைக்கப்பட்டது. டீ ஆறியது. நூறு பேர் அந்த இரண்டு அறைக்குள் மெல்ல மெல்லப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் பார்த்தேன்.

அந்த இடம் வந்தது. 'நான் கதவுக்குப் பின்னால நின்னு...'

மௌனம்.

"சவுண்டு போச்சா?" என்று ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கிள் நாற்காலி நுனியில் இருந்தார். ஒரு கை கதவின் தாழ்ப்பாளில்.

பத்து விநாடி. இருபது. ஹாலின் ஃபேனும் படத்தின் ஃபேனும் சேர்ந்து ஓடின. முன் வரிசையில் ஒரு பெரிய மீசை லேசாக ஆடியது. முப்பது. நாற்பது.

"ரொட்டி காதி?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் உடைந்து மூக்கை உறிஞ்சுவதாக மாறியது. விளக்கைப் போட்டபோது முன் வரிசையின் எட்டு ராணுவக்காரர்களும் ஒரே நேரத்தில் கர்ச்சீப் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிள் நேராக என்னிடம் வந்தார். எனக்காக ஹிந்தியை உடைத்து உடைத்துப் பேசினார்.

"அந்த இடத்துல நான் பேசினது எங்க?"

"அங்கிள்... தப்பு என்னோடது. டேப்ல நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம. ஜஸ்ஸி மேல கோபப்படாதீங்க."

"அழிச்சிட்டியா? மொத்தமா?"

"ஆமா அங்கிள்."

"வேற காப்பி எங்கயும் இல்லையே?"

"இல்ல."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டு அங்குலம் இறங்கியது. அவர் தோள் இறங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மூணு மாசமா எனக்குச் சாப்பாடு எறங்கல, பேட்டா. ஏதோ ஒரு வேகத்துல பேசிட்டேன். அது என் பையனுக்குச் சொன்னது. இந்த மீசைக்காரனுங்களுக்குச் சொன்னது இல்ல. அதப் படத்துல வைக்காதன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? அவனோட முதல் படம். அந்த இடம் வந்ததும் ஓடிடலாம்னுதான் கதவுப் பக்கம் உக்காந்தேன். பார்டர்லேருந்து ஓடினதில்ல. இன்னைக்கு ஓடியிருப்பேன்."

ஜஸ்ஸி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. அங்கிள் அவனைப் பார்த்தார்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒரு வார்த்தைகூட மறக்கல, பாப்பாஜி."

"போதும்."

நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வடா பாவ் சாப்பிடப் போய்விட்டார். நடையில் ஒரு துள்ளல்!

நாங்கள் இரண்டு பேரும் மூன்று மாதம் அவருக்குத் தெரிந்துவிடுமே என்று செத்துக்கொண்டிருந்தோம். அவர் அதே மூன்று மாதம், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று செத்துக்கொண்டிருந்தார். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அந்த வீட்டு ஆண்களுக்கு ஒரு வாக்கியம் பேசினால் என்ன?

ஜஸ்ஸி இப்போது அடுத்த கதை எழுத ஆரம்பித்துவிட்டான். அதிலும் கடுகு வயல் இல்லை. சண்டிகரில் ஒரு சின்னத் திரைப்பட விழாவுக்கு இந்தப் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். நேற்று மொட்டை மாடியில் உட்கார்ந்து, வடக்கே போகும் ரயிலைப் பெட்டி எண்ணுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை பெட்டி என்று நான் கேட்டேன். "எண்ணலளா, பாத்துட்டு இருக்கேன்," என்றான்.

எனக்கு வேறு ஒன்றைத்தான் கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று அவர் என்ன செய்தாராம்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கேட்கவில்லை. கேட்டிருந்தால், இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பேனே!